மட்கார்டும் மனிதப் பண்பும்

நம் சங்க இதழில் மட்கார்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். மொழி, இலக்கியம், நாடு, உலகம் என்று எழுதுவதற்குப் பெரிய பொருள்கள் எத்தனையோ இருக்கும்போது, சைக்கிள் சக்கரத்தின்மேல் கவிழ்ந்து கிடக்கும் ஒரு வளைந்த தகட்டுக்கு இத்தனை பக்கங்கள் எதற்கு என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். மழை பெய்த மறுநாள் காலையில் விடுதியிலிருந்து வகுப்புக்குச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தவர் எவரும் அப்படிக் கேட்கமாட்டார். இடுப்பிலிருந்து பிடரி வரை சேற்றுக் கோடு விழுந்த சட்டையோடு, நாற்காலியில் சாயவும் முடியாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நண்பரைப் பாருங்கள். பெரிய பொருள் எது, சிறிய பொருள் எது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து காசிக்கு வருகிற நமக்கு மழைக்காலம் பற்றிய கணக்கே தவறிப்போகிறது. ஊரில் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. ஆடியில் காற்றடிக்கும்; அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அந்த ஆடியும் ஆவணியும்தான் மழைக்காலம். ஜூன் கடைசியில் வானம் இருண்டால் செப்டம்பர் வரையில் விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். புதிய மாணவர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். 1916இல் தொடங்கிய நம் பல்கலைக்கழகத்தின் வளாகமோ ஏறத்தாழ 1,300 ஏக்கர். சாலைகள் அரைவட்டம் அரைவட்டமாக விரிந்து கிடக்கின்றன. நடந்து மாளாது. ஆகவே வந்த வாரமே சைக்கிள் வாங்கத் தலைவாயிலுக்கு வெளியே லங்காவுக்குப் போகிறோம். காசியில் இருந்துகொண்டே நாள்தோறும் லங்காவுக்குப் போய்வரும் பேறு நமக்குத்தான் கிடைத்திருக்கிறது!

அங்கே நம் கண்ணில் படுவது எது? கறுப்பு நிறத்துப் பழைய சைக்கிளை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த போர்க், பளபளக்கும் வர்ணம் ஆகியவற்றோடு நிற்கும் மவுண்டன் பைக்கைத்தான் பார்க்கிறோம், வாங்கியும் விடுகிறோம். வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. நானும் அத்தகைய வண்டியைத்தான் ஓட்டுகிறேன். குண்டும் குழியுமான சாலைக்கு அதன் தடித்த டயர் நல்லதே. ஆனால் அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மட்கார்டு இல்லை. இருந்தாலும், சீட்டுக்குக் கீழே வாலைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டுதான் இருக்கிறது. இதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மலைச் சைக்கிள் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் மாவட்டத்தில் உருவானது. டமல்பயஸ் என்னும் மலையின் மண்பாதைகளில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் பாய்ந்து இறங்கி விளையாடினார்கள். அவர்கள் செய்த முதல் வேலை, அந்த வண்டிகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்ததுதான். எடை குறையும், சேறு அடைக்காது, கல்லில் மோதி நசுங்கிச் சக்கரத்தைப் பிடிக்காது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் அவ்விளையாட்டுக்கென்றே தனியாக ஒரு வண்டியைக் கட்டினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரில் அவ்வகை வண்டியைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. மலையில் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துத் துணி மாற்றுகிறவனுக்கு மட்கார்டு வேண்டாம். அது நியாயமே. காசியில் மலை எங்கே இருக்கிறது? கங்கைச் சமவெளியில், விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே, தோய்த்து மடித்த சட்டையோடு போய்வரும் நமக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்? விளையாட்டு வண்டியின் வடிவத்தை வாங்கிக்கொண்டோம். விளையாட்டு முடிந்ததும் குளிக்கப் போகும் வசதியை வாங்கவில்லை.

பழைய கறுப்புச் சைக்கிளைப் பாருங்கள். சக்கரத்தைத் தழுவி மூடும் இரும்பு மட்கார்டு, அதைப் பிடித்துக்கொள்ள இருபுறமும் தாங்கு கம்பிகள், செயினுக்கு உறை, எல்லாம் அதில் உண்டு. ஓட்டுகிறவர் வேலைக்குப் போகிறவர், அவருடைய துணி அழுக்காகக் கூடாது என்று எண்ணிச் செய்த வண்டி அது. அழகில் குறைந்தது என்று நாம் ஒதுக்குகிற அந்த வண்டிக்கு இருந்த அக்கறை, இன்று நாம் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கும் வண்டிக்கு இல்லை.

இனி, சேறு எப்படித் தெறிக்கிறது என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளியில் படித்த இயற்பியல் போதும். வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறதோ, டயரின் விளிம்பும் அவ்வளவு வேகத்தில் அச்சைச் சுற்றுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர். பின்சக்கரத்தின் பின்புறத்தில், அச்சின் மட்டத்தில் டயரை விட்டுப் பிரியும் நீர்த்துளி, வண்டியோடு கூடவே வந்துகொண்டு நேர் மேலே கிளம்பும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது 90 சென்டிமீட்டர் உயரும். அச்சின் உயரம் 35 சென்டிமீட்டர். ஆகத் தரையிலிருந்து 125 சென்டிமீட்டர். அதாவது சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு. வேகம் 20 கிலோமீட்டர் ஆனால் அதே துளி 190 சென்டிமீட்டர் வரை எழும்பப் பார்க்கும். காற்றின் தடை அதைக் குறைக்கும் என்றாலும் தலைமயிரில் சேறு ஏறுவது எப்படி என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இதைவிட முக்கியமானது துளியின் திசை. அச்சின் மட்டத்துக்கு மேலே டயரை விட்டுப் பிரியும் துளி, மேலும் முன்னுமாக வந்து நம் முதுகில் விழுகிறது. அந்த மட்டத்துக்குக் கீழே பிரியும் துளியோ மேலும் பின்னுமாகப் போகிறது. அது நம்மைத் தொடுவதே இல்லை. இரண்டு மூன்று மீட்டர் பின்னால் வருகிறவரின் மார்பிலும் முகத்திலும் போய் விழுகிறது.

நான் சொல்ல வந்த செய்தி இதுதான். சீட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை மட்கார்டு, ஓட்டுகிறவரின் முதுகை ஓரளவு காக்கும். பின்னால் வருபவரை அது காப்பதில்லை. அவரைக் காக்க வேண்டுமானால் மட்கார்டு சக்கரத்தைத் தழுவிக்கொண்டு, அச்சின் மட்டத்துக்கும் கீழே இறங்கி வரவேண்டும். மட்கார்டின் மேற்பாதி நமக்காக, கீழ்ப்பாதி பிறருக்காக. அந்தக் கீழ்ப்பாதியைத்தான் அழகு என்ற பெயரால் வெட்டிவிட்டார்கள். நாமும் அதைப் பார்த்து, வண்டி எடுப்பாக இருக்கிறது என்று மகிழ்கிறோம். தன் முதுகு நனையாதவரை போதும் என்று எண்ணுவது பண்பா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். விழாக்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் மனிதப் பண்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதைக் காட்டுவதற்கு மழைநாளில் ஒரு சாண் பிளாஸ்டிக் போதும்.

நிற்க. எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்பதையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை வெறும் உபதேசமாகிவிடும்.

முதலில் உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 50-559, 54-584 என்பது போல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் டயர் உட்காரும் வளையத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. 559 என்றால் கடைக்காரர் சொல்லும் 26 அங்குலச் சக்கரம். 584 என்றால் 27.5, 622 என்றால் மலைச் சைக்கிளில் 29. மட்கார்டின் வளைவு இந்த விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். 26 அங்குலத்துக்குச் செய்ததை 29க்கு மாட்டினால் ஒருபுறம் உரசும், மறுபுறம் விலகி நிற்கும். அகலத்தில், டயரைவிட எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். 54 மில்லிமீட்டர் டயருக்கு 60 முதல் 65 மில்லிமீட்டர் மட்கார்டு சரியாக இருக்கும். டயரைவிடக் குறுகிய மட்கார்டு, குழந்தைக் குடையைப் பெரியவர் பிடித்தது போல.

பின்சக்கரத்துக்கு நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தாங்கு கம்பிகளோடு கூடிய முழு மட்கார்டுதான் வேண்டும். பின்புறம் ஸ்பிரிங் இல்லாத வண்டிகள் பலவற்றில், காரியர் மாட்டுவதற்காகப் பின் அச்சுக்கு அருகே இரண்டு துளைகள் விட்டிருப்பார்கள். தாங்கு கம்பிகளை அங்கே முடுக்கிவிடலாம். துளை இல்லையென்றால், சட்டத்தின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பூண்ட வளையப் பிடிகள் கிடைக்கின்றன. அவற்றில் பூட்டலாம்.

முன்சக்கரத்தில்தான் கவனம் வேண்டும். ஸ்பிரிங் வைத்த போர்க்கில் இரண்டு பகுதிகள் உண்டு. கீழ்க்கால்கள் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். போர்க்கின் தலை அசையாமல் நிற்கும். மட்கார்டைத் தலையில் பூட்டினால், பள்ளத்தில் வண்டி இறங்கும்போது டயர் எழும்பி வந்து அதை முட்டும். போர்க் 80 அல்லது 100 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது என்றால், தலையில் பூட்டும் மட்கார்டுக்கும் டயருக்கும் அதைவிட அதிக இடைவெளி இருக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் நிற்கும் மட்கார்டு எத்தனை நீரைத் தடுக்கும்? ஆகவே கீழ்க்கால்களோடும் அவற்றை இணைக்கும் வளைவோடும் சேர்த்துப் பூட்டுவதே நல்லது. சக்கரமும் மட்கார்டும் ஒன்றாகவே அசையும், இடைவெளி மாறாது. அப்போதும், போர்க் முழுதும் அமுங்கும்போது மட்கார்டு போர்க்கின் தலையில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் சேறு படாமலிருக்கப் போர்க்கில் கட்டும் சிறிய பிளாஸ்டிக் மடலை மட்டும் நம்பாதீர்கள். முன்சக்கரத்தின் அடிப்பாகம் பின்னோக்கி வீசும் சேறுதான் நம் காலையும், செயினையும், பெடல் அச்சையும் கெடுக்கிறது. அதற்கு முன் மட்கார்டின் பின்முனை தாழ இறங்க வேண்டும். அதன் நுனியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால் செயினின் ஆயுளும் கூடும். செலவு ஒன்றுமில்லை.

பூட்டுவதற்கு நான்கு மில்லிமீட்டர் ஆலன் சாவி, ஒரு குறடு, ஒரு ரம்பத் தகடு, சில பிளாஸ்டிக் கட்டுகள் போதும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் முடுக்குங்கள். பிறகு வண்டியின் பின்னால் நின்று பார்த்து, டயரின் நடுவும் மட்கார்டின் நடுவும் ஒரே கோட்டில் வரும்படி கம்பிகளை நீட்டியும் குறைத்தும் சரிசெய்யுங்கள். தார்ச்சாலைக்குப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி போதும். சேற்று வழியில் போகிறவர்கள் பதினைந்து, இருபது வைத்துக்கொள்ளலாம். எங்கும் ஒரே அளவாக வந்தபின் இறுக்குங்கள். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷரோ, நைலான் வளையம் வைத்த நட்டோ இருக்கட்டும். கம்பிகளின் மிச்ச நீளத்தை வெட்டி நுனியில் ரப்பர்த் தொப்பி போடுங்கள். இல்லாவிட்டால் துப்பட்டாவோ காலோ மாட்டிக் கிழியும்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், பிரேக்கின் உடல் தாங்கு கம்பிக்கு இடம் விடாமல் நிற்கும். சில கடைகளில் அவசரத்துக்குப் பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டையே கழற்றி அதில் கம்பியைக் கோத்துவிடுகிறார்கள். அதற்கு ஒருபோதும் இசையாதீர்கள். சற்று நீளமான போல்ட் ஒன்றும், நடுவில் இரண்டு மூன்று வாஷர்களும் போட்டுக் கம்பியை வெளிப்புறமாகத் தள்ளிக் கொண்டுபோகலாம். முடிந்தபின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ஹாண்டில்பாரை இருபுறமும் முழுதும் திருப்புங்கள். பெடலில் வைத்த கால்விரல் முன் மட்கார்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். வண்டியின்மேல் சாய்ந்து போர்க்கை முழு பலத்தோடு அமுக்கிப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடியும் எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே சுள்ளி ஒன்று புகுந்தால், சுழலும் சக்கரம் மட்கார்டையும் இழுத்துக்கொண்டு போய் நசுக்கி அப்படியே நின்றுவிடும். ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். மழைக்காலத்தில் மரங்களடர்ந்த நம் சாலைகளில் சுள்ளிகளுக்குக் குறைவில்லை. அதனால்தான் நல்ல மட்கார்டுகளில், முன்கம்பிகள் பலமாக இழுபட்டால் தாமே விடுபடும் பிளாஸ்டிக் பிடிகளை வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். ஆடிக்கொண்டிருக்கும் முன் மட்கார்டோடு ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களையும் பார்ப்போம். கங்கைக் கரையின் வண்டல் மண் பிசின்போல் ஒட்டும். மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும் என்கிறார்கள். உண்மை. ஆனால் அந்த மண்ணை வாரி எடுப்பது டயரின் முரட்டுப் பற்கள். நாள்தோறும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பற்கள் எதற்கு? டயர் தேய்ந்து மாற்றும் காலம் வரும்போது, சக்கர வளையத்துக்குப் பொருந்துமானால், பற்களில்லாத ஒன்றேமுக்கால் அங்குல டயரைப் போடுங்கள். இடைவெளியும் கூடும், மிதிப்பதும் எளிதாகும். மட்கார்டு கடகடக்கிறது என்கிறார்கள். கடகடப்பது மட்கார்டின் குற்றமா, முடுக்காதவர் குற்றமா? எடை கூடும் என்கிறார்கள். முதுகில் சுமக்கும் புத்தகப் பையைவிடவா? பணம் ஆகும் என்கிறார்கள். பிளாஸ்டிக் மட்கார்டு ஜோடி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மழைக்காலம் முழுவதும் தோய்க்கும் சோப்பையும், துருப்பிடித்து மாற்றும் செயினையும் கணக்கிட்டால் அந்தப் பணம் ஒரே பருவத்தில் திரும்பிவிடும்.

கடைசியாகச் சொல்லப்படும் காரணம் அழகு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. பின்னால் வருகிறவர் கண்ணில் சேற்றை அடிக்கும் அழகு எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிதாக வரும் தம்பி தங்கையரை மாலையிட்டு வரவேற்கிறோம்; பாராட்டிப் பேசுகிறோம். அதோடு ஆலன் சாவிகள், குறடு, ரம்பத் தகடு, ஒரு பை பிளாஸ்டிக் கட்டுகள் ஆகியவற்றையும் சங்கத்தின் சொத்தாக வாங்கி வைப்போம். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்கார்டு நாளாகக் குறிப்போம். மூத்த மாணவர்கள் உடன் சென்று, பொருத்தமான மட்கார்டைப் பேரம் பேசி வாங்கித் தந்து, தம் கையாலேயே பூட்டிக் கொடுக்கட்டும். இந்தியே தெரியாமல் வந்து இறங்கியவர் கடைக்காரரிடம் என்ன பேசுவார் என்று அஞ்சவேண்டாம். மட்கார்டு என்ற சொல் அவருக்கும் கடைக்காரருக்கும் பொது. அளவைச் சொல்லத் தெரிந்தால் போதும். அதை நாம் சொல்லிக் கொடுக்கலாம். ஊரைவிட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் தாண்டி வந்த பிள்ளைக்கு, மாலையைவிட இது பயன்படும். மாலை அன்றே வாடிவிடும்; மட்கார்டு பட்டம் வாங்கும்வரை உடன் வரும்.

நண்பர்களே, அடுத்த மழைக்குள் உங்கள் வண்டியின் பின்சக்கரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். மட்கார்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள். அச்சுக்கு மேலேயே முடிந்துவிட்டால் அதை இன்னும் ஒரு சாண் நீட்டுங்கள். அந்த ஒரு சாண் உங்களுக்குப் பயன்படாது. உங்கள் பின்னால் வருகிறவருக்குப் பயன்படும். உங்களுக்கு முன்னால் போகிறவரும் அப்படியே செய்தால், நாம் எல்லோரும் உலர்ந்த முகத்தோடு வகுப்புக்குப் போய்ச் சேரலாம்.